கடல் கடந்த கம்பளித் தொப்பி

ஆண்டுதோறும் மார்ச் மாதம் 16-ஆம் நாளைத் துனீஷிய மக்கள் கைத்தொழிலுக்கும் மரபு உடைக்கும் உரிய தேசிய நாளாகக் கொண்டாடுகின்றனர். அன்று பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகத்தாரும் கடைவீதி வணிகரும் தத்தம் பாட்டன் பாட்டி உடுத்திய கோலத்தில் தெருவுக்கு வருவர். பெண்டிர் உடலை முழுதும் போர்த்தும் வெண்ணிற ஸஃப்ஸாரியை எடுத்தணிவர்; ஆடவர் நீண்ட ஜுப்பா தரிப்பர். நெசவு, தோல், செம்பு, மட்பாண்டம் எனப் பலவகைக் கைவினைப் பொருள்கள் காட்சிக்கு வைக்கப்படும். இவற்றுக்கு நடுவே எப்பக்கம் நோக்கினும் கண்ணில் படுவது ஒன்றுண்டு. ஆடவர் தலையில் மென்மையாகப் பொருந்தி அமர்ந்திருக்கும் செந்நிறக் கம்பளித் தொப்பிதான் அது. அதன் பெயர் ஷாஷிய்யா.

நம் குடும்பங்களில் பழைய திருமணப் புகைப்படங்கள் இருப்பின், அவற்றில் மாப்பிள்ளையின் தலையிலோ பெரியவர்களின் தலையிலோ கருங்குஞ்சம் தொங்கும் சிவப்புத் தொப்பியை வாசகர்கள் கண்டிருக்கக் கூடும். அதனைத் துருக்கித் தொப்பி என்றே நாம் வழங்கி வந்தோம். ஷாஷிய்யா அதற்கு மூத்த உறவு. துருக்கியர் அத்தொப்பியைத் தமதாக்கிக் கொள்வதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தூனிஸ் நகரத்துக் கடைவீதியில் அது பெருந்தொழிலாக வளர்ந்திருந்தது. அத்தொழிலை வளர்த்தவர்களோ தாயகத்தை இழந்து, மரக்கலமேறி, வெறுங்கையராய் வந்து இறங்கியவர்கள்.

முதலில் பெயரைப் பார்ப்போம். இன்று தாஷ்கந்து என வழங்கும் நகரத்தையும் அதனைச் சூழ்ந்த நாட்டையும் அரபு நூலோர் ‘அஷ்-ஷாஷ்’ என்றே எழுதினர். ஷாஃபியீ மத்ஹபின் பேரறிஞரும் கி.பி. 976-ல் மறைந்தவருமான அல்-கஃப்பால் அஷ்-ஷாஷீ அந்நாட்டவரே. நம் மத்ரஸாக்களில் ஹனஃபி மாணவர்கள் ஓதும் ‘உசூலுஷ் ஷாஷீ’ என்னும் நூலின் பெயரிலும் அவ்வூரே ஒளிந்திருக்கிறது. அந்நாட்டிலிருந்து வந்த தலையணி ஷாஷிய்யா ஆயிற்று என்பது அறிஞர் பலரின் கூற்று. அரபு மொழியில் ‘ஷாஷ்’ என்றால் தலைப்பாகைக்குரிய மெல்லிய துணி என்றும் பொருளுண்டு. ஆங்கிலேயர் இடையில் கட்டும் கச்சைக்கு வழங்கும் ‘ஸாஷ்’ என்னும் சொல் அதிலிருந்தே போயிற்று. ஆக, மத்திய ஆசியாவின் ஓர் ஊர்ப்பெயர் வடஆப்பிரிக்காவின் கரையில் ஒரு தொப்பியின் மீது நிலைத்து நின்றுவிட்டது. அத்தொப்பியைச் செய்பவர் ‘ஷவ்வாஷீ’. இது இன்றும் துனீஷியாவில் பல குடும்பங்களின் பெயராக விளங்குகிறது.

கம்பளியைப் பற்றியும் ஒரு சொல். திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம் கால்நடைகளின் கம்பளியையும் உரோமத்தையும் முடியையும் இறைவன் மனிதர்க்களித்த அருட்கொடைகளின் வரிசையில் வைத்துப் பேசுகிறது. கம்பளிக்கு அரபியில் ‘ஸூஃப்’ எனப் பெயர். உலகப் பற்றைத் துறந்து முரட்டுக் கம்பளி தரித்தோரே ஸூஃபிகள் எனப் பெயர் பெற்றனர் என்பது அச்சொல்லுக்குக் கூறப்படும் விளக்கங்களுள் பெரும்பாலோர் ஏற்பது.

தூனிஸில் 1332-ல் பிறந்த இப்னு கல்தூன், தம் ‘முகத்திமா’வில் நெசவுக்கும் தையலுக்கும் தனியே ஓர் இயல் ஒதுக்கியுள்ளார். குளிரிலிருந்து உடலைக் காக்க மனிதன் கண்ட தொழில்கள் இவை என்றும், மக்கள் இவற்றை நபி இத்ரீஸ் (அலை) அவர்களுடன் தொடர்புபடுத்துவர் என்றும் எழுதுகிறார். ஹஜ்ஜில் தைத்த ஆடை விலக்கப்பட்டதன் நுட்பத்தையும் அவ்விடத்தே ஆராய்கிறார்: துணியை வெட்டித் தைப்பது நகர வாழ்வின் நாகரிகம், இறைவனை நோக்கிச் செல்பவன் அப்பழக்கங்களைக் களைந்துவிட்டுச் செல்ல வேண்டும் என்பது அவர் கண்ட கருத்து. நம் கதைக்கு இன்றியமையாத மற்றொரு கருத்தும் அந்நூலில் உள்ளது. நீண்டகாலம் நாகரிகம் வேரூன்றிய நகரத்தில் கைத்தொழில்கள் ஒரு சாயம்போல் ஊறிப் போய்விடுகின்றன. அந்நகரம் தளர்ந்து மக்கள் குறைந்த பின்னும் அவை எளிதில் மறைவதில்லை. இதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு அந்தலுஸ், அதாவது முஸ்லிம் ஸ்பெயின். தாம் எழுதியது தம் சொந்த ஊரிலேயே, தாம் மறைந்து இருநூறு ஆண்டு கழித்து, மெய்ப்படப் போகிறது என்பதை அவர் அறிய வாய்ப்பில்லை.

கிரனடா 1492 ஜனவரியில் வீழ்ந்தது. சமயத்துக்கு ஊறு நேராது என உடன்படிக்கையில் எழுதப்பட்ட சொல் பத்தாண்டுகூட நிற்கவில்லை. 1499 முதல் கட்டாய ஞானஸ்நானம் தொடங்கிற்று. 1502-ல் காஸ்டில் நாட்டு முஸ்லிம்களுக்கு, மதம் மாறு அல்லது நாட்டை விட்டு நீங்கு என ஆணை வந்தது. பெயரளவில் கிறித்தவராக்கப்பட்ட அம்மக்களை ஸ்பானியர் ‘மொரிஸ்கோ’ என்றனர். 1567-ல் மன்னன் இரண்டாம் பிலிப்பின் ஆணை அவர்களின் அரபு மொழியைத் தடுத்தது, உடையைத் தடுத்தது, பொதுக் குளியலறைகளைத் தடுத்தது, வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கதவைத் திறந்தே வைக்கவேண்டும் என்றது. உள்ளே தொழுகை நடக்கிறதா என்று தெருவில் போவோர் எட்டிப் பார்க்க வேண்டுமல்லவா! 1568-ல் அல்புஹாரா மலைநாட்டில் மூண்ட கிளர்ச்சி மூன்றாண்டில் ஒடுக்கப்பட்டது.

அக்கொடுமைக் காலத்திலும் அவர்கள் தம் மார்க்கத்தை ஒரு விந்தையான வழியில் காத்தனர். அரபு மொழி மறந்துபோன இளையோருக்காக ஸ்பானிய மொழியையே அரபு எழுத்தில் எழுதி, தொழுகை முறைகளையும் நபிமார் வரலாறுகளையும் கையெழுத்துப் படிகளாகப் பரப்பினர். வீட்டுச் சுவர்களுக்குள்ளும் தரைக்கடியிலும் மறைத்து வைத்த அவ்வேடுகள் சில, நூற்றாண்டுகள் கழித்து வீடுகளை இடித்தபோது வெளிப்பட்டன. அரபுத்தமிழ் ஏடுகளைப் பெட்டிக்குள் வைத்துப் போற்றிய மூதாட்டிகளின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இறுதி அடி 1609 செப்டம்பரில் விழுந்தது. வலென்சியா நாட்டு மொரிஸ்கோக்கள் அனைவரும் கையில் சுமக்கக் கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு துறைமுகங்களுக்குச் செல்லவேண்டும் என்று பறை சாற்றப்பட்டது. பின்னர் அரகோன், காஸ்டில், ஆந்தலூசியா என வரிசையாக ஆணைகள் வந்தன. 1614-க்குள் ஏறத்தாழ 3,00,000 பேர் வெளியேற்றப்பட்டனர். சில இடங்களில் சிறு குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து நிறுத்திக்கொண்டனர். கப்பலில் கொள்ளையடிக்கப்பட்டோரும் கரையில் கொல்லப்பட்டோரும் பலர்.

அவர்களுள் ஏறத்தாழ 80,000 பேர் துனீஷியாவை அடைந்தனர் என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் கணக்கு. அப்போது தூனிஸை ஆண்டவர் உஸ்மான் தேய். 17-ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் இப்னு அபீ தீனார் தம் ‘அல்-முஃனிஸ்’ நூலில் இவ்வருகையைப் பதிவு செய்துள்ளார். உஸ்மான் தேய் வந்தவர்களுக்கு இடமளித்தார். ஏழைகளை ஊரார் வீடுகளில் பகிர்ந்து தங்க வைத்தார். விரும்பிய இடத்தில் குடியேற உரிமை தந்தார். அவர்கள் நிலம் வாங்கினர், திராட்சையும் ஒலிவமும் பயிரிட்டனர், வண்டி செல்லும் பாதைகள் அமைத்தனர் என்பது அந்நூலாசிரியர் தரும் செய்தி. அபுல் கைஸ் அல்-கஷ்ஷாஷ் என்னும் இறைநேசரும் தம் ஸாவியாவின் கதவை அகதிகளுக்குத் திறந்துவிட்டார். உஸ்மான் தேய் 1610-ல் மறைய, அடுத்து வந்த யூசுஃப் தேயும் அக்கொள்கையையே தொடர்ந்தார். புதிதாய் வந்தோரால் உள்ளூர்க் கைவினைஞர்க்குச் சிறிதும் மனவருத்தமில்லை என்று எழுதினால் அது மிகையாகும்; எனினும் ஆட்சியாளர்கள் அகதிகளைச் சுமையாகக் கருதாமல் செல்வமாகக் கருதினர். அந்தக் கணிப்பு பிழைபடவில்லை. தஸ்தூர், ஸுலைமான், தபர்பா போன்ற ஊர்கள் அவர்கள் கையால் செழித்தன. தஸ்தூர்ப் பள்ளிவாசல் மினாராவில் எண்கள் வலமிடமாக மாறி எழுதப்பட்ட கடிகாரம் ஒன்றிருக்கிறது. அரபு எழுத்தைப் போல வலமிருந்து இடம் ஓடுவது அது என்று ஊரார் விளக்குவர்.

துனீஷியாவில் ஷாஷிய்யா அதற்கு முன் இல்லாமலில்லை. கைரவான் நகரில் அது பழங்காலந்தொட்டே செய்யப்பட்டது என்பர். ஆனால் கம்பளித் தொப்பி செய்வதில் ஸ்பெயினின் தொலேதோ நகரம் பெற்றிருந்த நுட்பத்தை அந்தலுஸியர் உடன் கொண்டுவந்தனர். கையில் சுமக்கக் கூடியதை மட்டுமே எடுத்துச் செல்லலாம் என்றவன், கைக்குள்ளேயே இருந்த தொழிலை எப்படிப் பறிப்பான்?

இனித் தொப்பி பிறக்கும் விதத்தைக் காண்போம். பார்வைக்கு ஒரு கைப்பிடித் துணிபோல் தோன்றும் இப்பொருள், முடிவதற்குள் பல ஊர்களைச் சுற்றி வருகிறது.

தூனிஸ் நகரத்து ஷவ்வாஷீ முதலில் கம்பளி நூலை நிறுத்து, நகருக்கு வடக்கே சில கல் தொலைவிலுள்ள அரியானா முதலிய ஊர்களின் பெண்களுக்கு அனுப்புவார். அவர்கள் வீட்டிலிருந்தவாறே ஊசிகளால் அதனைச் சுற்றுப் பின்னலாகப் பின்னுவர். பின்னி முடித்த வெண்ணிறத் தொப்பிக்குக் ‘கப்பூஸ்’ என்றும், பின்னும் பெண்களுக்குக் ‘கப்பாஸாத்’ என்றும் பெயர். கப்பூஸைப் பார்த்தால் தொப்பி என்று யாரும் நம்பமாட்டார். ஒரு பெரியவர் கழுத்து வரை இழுத்துக்கொள்ளலாம் போல அகன்றும் தொளதொளத்தும் இருக்கும். வெட்டிப் பிறகு தைத்ததன்று ஆதலால் அதில் மூட்டுத் தையலே கிடையாது.

அடுத்து அது மேற்கே மஜர்தா ஆற்றங்கரையிலுள்ள அல்-பத்தானுக்குச் செல்லும். ‘பதான்’ என்பது ஸ்பானிய மொழியில் கம்பளி துவைக்கும் ஆலைக்குப் பெயர். அகதிகள் தம் தொழிற்சொல்லையே ஊர்ப்பெயராக்கிவிட்டனர். அங்கு 17-ஆம் நூற்றாண்டில் ஆற்றின் குறுக்கே பாலமும் அணையும் ஒன்றாகக் கட்டி, நீரின் விசையால் மரச்சம்மட்டிகளை இயக்கினர். வெந்நீரும் சவர்க்காரமும் இட்டுக் கப்பூஸை அச்சம்மட்டிகளின் கீழ் இடித்துத் துவைப்பர். ஆட்டுக் கம்பளியின் ஒவ்வோரிழை மீதும் மீன் செதிள் போன்ற மிகச் சிறிய செதிள்கள் உண்டு. சூடும் ஈரமும் அடியும் சேரும்போது அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், கவ்வியபின் விடா. பின்னலின் கண்கள் மறைந்து, தொப்பி ஏறத்தாழப் பாதியளவாகச் சுருங்கித் தடித்து, மழைநீர் எளிதில் புகாத ஒரே படலமாகிவிடும். நம் வீடுகளில் கம்பளிச் சட்டையை வெந்நீரில் துவைத்துக் கெடுத்தவர்களுக்கு இந்த வேதியியல் நன்கு விளங்கும். அங்கே குற்றமாவது இங்கே தொழிலாகிறது.

சுருங்கிய தொப்பி தூனிஸுக்கு மீளும். அங்குக் கடையிலமர்ந்த ஆசான் ஒரு முட்செடியின் காய்ந்த பூத்தலையைக் கொண்டு அதன் மேற்புறத்தை வாரி வாரி மெல்லிய பஞ்சு எழச் செய்வார். இரும்புச் சீப்பு இழையை அறுத்துவிடும். முள்ளோ, இழை முரண்டினால் தான் வளைந்து கொடுக்கும். பின்னர் எழுந்த பஞ்சைக் கத்தரித்துச் சமன் செய்வர். வெல்வெட்டுத் துணியோ எனத் தடவிப் பார்க்கத் தோன்றும் மேனி இவ்வாறு கிடைக்கிறது.

சாயமிடுவதற்கு ஸக்வான் என்னும் மலையூரைத் தேர்ந்தனர். அதன் ஊற்றுநீரின் தூய்மை அவ்வளவு பெயர் பெற்றது. உரோமர் காலத்திலேயே நெடுந்தொலைவு கல்வாய்க்கால் கட்டி அந்நீரைக் கார்த்தேஜ் நகருக்குக் கொண்டுபோனார்கள். பழைய நாளில் சிவப்புக்கு மூலம் ‘கிர்மிஸ்’. ஒருவகைச் சிறு கருவாலிச் செடியில் ஒட்டி வாழும் பூச்சியை உலர்த்தி எடுப்பது அது. இச்சொல் பாரசீகத்தின் வழியே வந்தது என்றும், அதன் வேர் வடமொழியில் புழுவைக் குறிக்கும் ‘கிருமி’ என்றும் மொழியறிஞர் கூறுவர். நாம் நோய்க்குக் காரணமாகச் சொல்லும் கிருமியும், தூனிஸ் நகரத்துப் பெரியவர் தலையில் ஒளிரும் சிவப்பும், ஆங்கிலேயர் ‘கிரிம்ஸன்’ என்னும் நிறமும் ஒரே சொல்லின் பிள்ளைகள்! பின்னர் மெக்ஸிகோ நாட்டுக் கள்ளிப் பூச்சிச் சாயம் வந்தது. அதற்கும் பின் இரசாயனச் சாயம்.

சாயமேறிய தொப்பி மறுபடியும் தூனிஸ் வந்து, அச்சில் ஏறி வடிவம் பெற்று, மீண்டும் வாரப்பட்டு, ஆசானின் அடையாளக் குறி பதிக்கப்பெற்று, குஞ்சம் கட்டப்பெற்றுக் கடைக்கு வரும். துனீஷியருக்குரியது மென்மையானது, குட்டையானது. மடித்துப் பையில் வைக்கலாம். விறைப்பாக நிமிர்ந்து நிற்பதை அவர்கள் ‘இஸ்தாம்பூலீ’ என வேறுபடுத்துவர்.

இத்தொழிலின் தலைமையிடம் ஸூக்குஷ் ஷவ்வாஷீன் என்னும் கடைவீதி. ஸைத்தூனா பெரும் பள்ளிவாசலுக்கும் ஹம்மூதா பாஷா பள்ளிவாசலுக்கும் அணித்தே, 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் முராதி மரபினர் கட்டியது. மேலே கூரை, இருமருங்கும் மரப்பலகை அடித்த கடைகள். ஷவ்வாஷீகளின் சங்கம் நகரத்துக் கைத்தொழிற் சங்கங்களுள் முதன்மை பெற்றிருந்தது. அதன் தலைவர் ‘அமீன்’ எனப்படுவார். தரம் குறைந்த தொப்பியைத் தடுப்பது, ஆசானுக்கும் பணியாளுக்கும் எழும் வழக்கைத் தீர்ப்பது, புதியவர் கடைதிறக்கத் தகுதியுடையவரா எனச் சோதிப்பது ஆகியவை அவர் கடமை. நகரத்து வணிக வழக்குகளைத் தீர்க்கும் சபையிலும் அவருக்கே தலைமை இருந்தது. நூறாண்டுக்கு முன் வெறுங்கையராய் வந்தவர்களின் சந்ததி, ஊரின் வணிகத்துக்கு நீதி வழங்கும் இருக்கையில் அமர்ந்தது.

இதில் வியப்பான ஒன்று உண்டு. தொப்பிக்கு உகந்த மெல்லிய கம்பளி ஸ்பெயினின் மெரினோ ஆட்டிடமிருந்தே கிடைத்தது. ஆகவே தம்மைத் துரத்திய நாட்டிலிருந்தே அவர்கள் கம்பளியை விலைக்கு வாங்கினர். அதனையும் சாயப்பொருளையும் தருவித்தவர்களுள் லிவோர்னோ நகரத்து யூத வணிகர் முக்கியமானோர். அவர்களுடைய முன்னோருள்ளும் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டோர் பலர். விற்பனையோ உஸ்மானியப் பேரரசு முழுவதும் பரவியிருந்தது. இஸ்தாம்பூல், இஸ்மீர், இஸ்கந்தரிய்யா ஆகிய துறைகளுக்குக் கப்பலில் சென்றது போக, மக்ரிபிலிருந்து மக்காவுக்குப் புறப்படும் ஹஜ்ஜு வணிகக்கூட்டமும் ஷாஷிய்யாக்களைச் சுமந்து சென்றது. வழிச்செலவுக்குத் தொப்பியே நாணயம்.

18-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் மார்ஸேல்ஸும் ஓர்லியான்ஸும் ‘தூனிஸ் பாணித் தொப்பி’ எனப் பெயரிட்டுப் போலிகளைச் செய்யத் தொடங்கின. எனினும் பேரிடி வந்தது ஒரு பெருவெற்றியின் வடிவில். உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூது 1826-ல் ஜானிஸரிப் படையை ஒழித்துப் புதிய படை திரட்டினார். கடற்படைத் தலைவர் ஹுஸ்ரவ் பாஷா தம் வீரர்க்குத் தூனிஸ் தொப்பியை அணிவித்து அழைத்துவர, அது சுல்தானின் கண்ணுக்குப் பிடித்துவிட்டது. 1829-ல் அரசு ஊழியர் அனைவரும் தலைப்பாகையை நீக்கி அத்தொப்பியையே அணியவேண்டும் என ஆணை பிறந்தது. உலமாக்களுக்கு மட்டும் விலக்கு. ஸுஜூதில் நெற்றி தரையில் படுவதற்குத் தடையாகும் விளிம்பு அதில் இல்லை என்பது அதற்கு வலுச்சேர்த்த காரணம். தூனிஸுக்குக் கட்டளைகள் குவிந்தன. அம்மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1830-களில் இஸ்தாம்பூல் அரசு தூனிஸ் ஆசான்களையே வரவழைத்துச் சொந்தத் தொழிற்சாலை அமைத்தது. எகிப்தில் முஹம்மது அலீ பாஷா 1820-களிலேயே ஃபுவ்வா என்னும் ஊரில் அவ்வாறு செய்திருந்தார். இவற்றினும் கடுமையான போட்டி ஆஸ்திரியப் பேரரசின் பொஹீமியா நாட்டில் ஸ்ட்ராகோனிட்ஸ் என்னும் ஊரிலிருந்து வந்தது. இன்று செக் குடியரசிலுள்ள அவ்வூரின் இயந்திரங்கள், முஸ்லிம் உலகின் தலைகளுக்கெல்லாம் மலிவான தொப்பிகளை ஏற்றுமதி செய்தன. முஸ்லிம் அடையாளம் என நாம் பெருமை பேசிய பொருள் ஐரோப்பிய ஆலையில் பிறந்து வந்தது. 1908-ல் ஆஸ்திரியா பொஸ்னியாவை விழுங்கியபோது இஸ்தாம்பூல் மக்கள் ஆஸ்திரியத் தொப்பிகளைக் கிழித்தெறிந்து புறக்கணித்தனர். 1930-களின் தொடக்கத்தில் எகிப்திய மாணவர் மக்களிடம் ஆளுக்கொரு கிர்ஷ் காசு திரட்டி உள்நாட்டுத் தர்பூஷ் ஆலை கண்டதும் இதே உணர்வால்தான்.

அத்தொப்பியை 1829-ல் கட்டாயமாக்கிய அதே துருக்கி, 1925 நவம்பரில் சட்டமியற்றி அதனைத் தடுத்தது. விளிம்புள்ள ஐரோப்பியத் தொப்பியை அணியாதோர் தண்டிக்கப்பட்டனர். எதிர்த்தெழுந்தோர் சிலர் தூக்கிலேற்றப்பட்டனர். இஸ்கிலிப் ஊரைச் சேர்ந்த ஆதிஃப் ஹோஜா என்னும் மத்ரஸா ஆசிரியர், ஐரோப்பியரைப் பின்பற்றுவதைக் கண்டித்து 1924-ல், அச்சட்டம் வருமுன்பே, ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். 1926 பிப்ரவரியில் அவரைத் தூக்கிலிட்டனர்.

இவ்விடத்தில் நம் கருத்தைச் சொல்லாமல் கடக்க இயலாது. மார்க்கம் மானத்தை மறைக்கச் சொன்னது. பெருமையும் வீண்செலவும் கூடாதென்றது. இன்ன நிறத்தில் இன்ன உயரத்தில் தொப்பி அணிக என எந்தக் கிதாபிலும் விதிக்கவில்லை. நாயகம் (ஸல்) அவர்களே பயணமொன்றில் ஷாம் நாட்டில் செய்த, கை இறுகிய கம்பளி ஜுப்பாவை அணிந்திருந்தார்கள் என்பதும், உளூச் செய்யும்போது கையை அதன் கீழ்ப்புறமாக வெளியே எடுக்க நேர்ந்தது என்பதும் புகாரியில் காணக் கிடைக்கும் செய்தி. ஆகவே 1829-ல் தலைப்பாகைக்காகக் கண்ணீர் விட்டோரும், 1925-ல் தொப்பிக்காக உயிர் கொடுத்தோரும் துணியின் பொருட்டு அவ்வாறு செய்ததாக நாம் எண்ணவில்லை. குடிமகனின் தலையில் கைவைக்க அரசுக்கு என்ன உரிமை என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. அந்தலுஸியரின் பேரப்பிள்ளைகளுக்கு அக்கேள்வி புதிதன்று. 1567-ல் பிலிப் மன்னனும் உடையிலிருந்துதான் தொடங்கினான்.

தமிழ் பேசும் முஸ்லிம்களும் இவ்வழக்கில் ஒரு பங்கு பெற்றுள்ளனர். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற அஹ்மது உராபி பாஷா 1883-ல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு 1901 வரை அங்கே வாழ்ந்தார். அவரும் அவருடன் வந்தோரும் அணிந்த செந்தொப்பி இலங்கை முஸ்லிம்களின் உள்ளத்தைக் கவர்ந்தது. தமிழில் 1885-ல் ‘அசன்பே சரித்திரம்’ எழுதிய சித்திலெவ்வை, உராபி பாஷாவின் நண்பராக நின்று கல்விப் பணி செய்தவர். அக்காலத்து ஆர்வத்தின் தொடர்ச்சியாக 1905-ல் வழக்கறிஞர் எம்.சி. அப்துல் காதர் தொப்பியுடன் கொழும்பு உச்ச நீதிமன்றத்தில் தோன்ற, தலைமை நீதிபதி அதை ஏற்க மறுத்தார். அவ்வாண்டு டிசம்பர் 31-ல் மருதானைப் பள்ளிவாசல் வளாகத்தில் இலங்கை முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடித் தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். பின்னர் விதி தளர்த்தப்பட்டது. தொப்பி மறுநாளே மறைந்தாலும் அக்கூட்டத்தில் பிறந்த ஒற்றுமை மறையாது என அன்றே பலரும் உணர்ந்திருப்பர்.

துனீஷியாவுக்குத் திரும்புவோம். 1881-ல் பிரெஞ்சுக்காரர் அந்நாட்டைத் தம் காப்பாட்சிக்குள் கொண்டுவந்தனர். அடுத்து வந்த தலைமுறைகளில், ஷாஷிய்யா ஒருபுறம் பிரெஞ்சுப் படையின் ஆப்பிரிக்க வீரர்க்குச் சீருடையாகவும், மறுபுறம் விடுதலை கோருவோரின் அடையாளமாகவும் விளங்கியது. 1930-களில் அதனை அணிந்து மேடையேறிய ஹபீப் புர்கீபா, 1956-ல் நாடு விடுதலையடைந்தபின் ஐரோப்பிய உடையையே நாகரிகமெனக் கொண்டார். துருக்கியைப்போல் தூக்குமரம் நாட்டப்படவில்லை. ஆனால் அலுவலகத்து இளைஞன் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். தந்தையர்க்குப் பின் ஜும்ஆவுக்கும் பெருநாளுக்கும் திருமணத்துக்கும் மட்டுமே அது எஞ்சிற்று. தூனிஸ் பழநகரம் 1979-ல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டது. எனினும் கட்டடம் காக்கப்படுவது வேறு, தொழில் காக்கப்படுவது வேறு. ஒரு காலத்தில் நெருக்கியடித்து நின்ற ஷவ்வாஷீகளில் இன்று விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே அவ்வீதியில் தொழில் நடத்துகின்றனர். அவர்கள் செய்வதிலும் பெரும்பகுதி வெளிநாட்டுக்கே போகிறது. லிபியர் கருமையான ‘ஷன்னா’வை விரும்புவர், நைஜர், நைஜீரியா முதலிய நாட்டு முஸ்லிம்களும் வாங்குவர். 2011-க்குப் பின் லிபியாவில் மூண்ட குழப்பம் அவ்வணிகத்தையும் தாக்கியது.

விழா எடுப்பதைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் ஆண்டுக்கொருநாள் தொப்பியைப் போற்றுவோர் அதனைப் பின்னுகிற பெண்ணை நினைப்பதாகத் தெரியவில்லை. வரலாற்று நூல்கள் அமீனையும் ஆசானையும் பேசுகின்றன. கப்பாஸாத் பெண்களுள் ஒருத்தியின் பெயரைக்கூடப் பாதுகாக்கவில்லை. ஒரு கப்பூஸ் பின்னுவதற்குச் செல்லும் நேரத்தை நோக்கக் கூலி மிகச் சொற்பம். அவர்களின் பெண்மக்கள் ஏற்றுமதித் துணி ஆலைகளில் மாதச் சம்பளத்துக்குப் போய்விடுகின்றனர். போவதைக் குறைசொல்ல யாருக்கும் வாயில்லை. ஆசான் குறைந்தால் சீடனைப் பழக்கலாம். சாயம் தீர்ந்தால் வேறு சாயம் உண்டு. கப்பூஸ் வாராவிடில் பத்தானுக்கும் ஸக்வானுக்கும் வேலையே இல்லை. தாவூது நபி (அலை) அவர்கள் தம் கைத்தொழிலால் உண்டார்கள் என்று நபிமொழி சிறப்பித்துக் கூறுகிறது. உண்ணப் போதுமான கூலி அத்தொழிலில் இருந்தாலன்றோ அச்சிறப்பு அவ்வீட்டுப் பெண்ணுக்கும் சேரும்!

அண்மைக் காலத்தில் அவ்வீதியில் ஒரு மாற்றம் புகுந்திருக்கிறது. சிவப்பு மட்டுமே தொங்கிய கடைகளில் பச்சையும் நீலமும் மஞ்சளும் தொங்குகின்றன. ஆடவர்க்கே உரியதாயிருந்த ஷாஷிய்யாவை இளம்பெண்கள் விலை பேசி வாங்குகின்றனர். தலைமுறை தலைமுறையாகச் செந்நிறமே கண்ட முதிய ஷவ்வாஷீக்கு இது உவப்பாயிராது என்பதை ஊகிக்கலாம். எனினும் அவர் அதனை வாரிக் கொடுக்கிறார், அதே முட்செடியால்.